கையெழுத்தில்லாத புகார்

மச்சினன் எழுதும் சத்தம் எழுத்தாளருக்குச் சுவரைத் தாண்டிக் கேட்கும். பேனா சத்தமெல்லாம் அவ்வளவு தூரம் கேட்காது என்று மனைவி சொல்வாள். வயிறு எரிகிறவனுக்குக் காது கூர்மையாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது.

காலை ஆறு பத்துக்கு அவன் வருவான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அக்கா கொடுக்கும் தேநீரை நின்றபடியே குடிப்பான். ஃபிரிட்ஜின் மேலிருந்து கறுப்பு அட்டை நோட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்காருவான். நாற்காலி ஒரு முறை கிரீச்சிடும். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் பேனாதான். ஆறு ஐம்பத்தைந்துக்கு நோட்டை மூடி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் பழுது பார்க்கக் கிளம்பிவிடுவான். நான்கு மாதமாக இப்படி. ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் எழுத்தாளர் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு கிடப்பார்.

அந்த வீட்டில் 'எழுத்தாளர்' என்பது பட்டப்பெயர். இருபத்திரண்டு வயதில் அவருடைய ஒரு சிறுகதை பத்திரிகையில் வந்தது. அதை வைத்துத்தான் பெண் வீட்டார் கல்யாணத்தன்று அவரை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்போது அதில் மரியாதை இருந்தது. இருபது வருடத்தில் மரியாதை கசிந்து வெளியே போய், காலிப் புட்டியில் ஒட்டிய சீட்டு மாதிரி பெயர் மட்டும் நின்றுவிட்டது. "எழுத்தாளர் குளிச்சாச்சா?" "எழுத்தாளர் கேஸ் சிலிண்டருக்குச் சொன்னாரா?" என்று வீட்டில் கேட்பார்கள்.

அவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக. முதல் ஏழு வருடம் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் ராத்திரி வேலை. குளிர்பதனக் கிடங்கில் ஆறு அறைகளின் வெப்பநிலையை மணிக்கு ஒரு தரம் குறித்துவைக்கிற வேலை. "இந்த வேலை என் நாவலைத் தின்னுது" என்று சொல்லி அதை விட்டார். இப்போது ரயில் நிலையத்தில், தொலைந்த பொருட்கள் கவுண்டரில் இருக்கிறார். பகல் பதினொன்று முதல் ஏழு வரை. காலை முழுக்க அவருடையது. படுக்கையறை ஜன்னலோரம் மேசை போட்டார். கழுத்து வளைகிற விளக்கு வாங்கினார். முதுகு வலிக்காத நாற்காலி வாங்கினார். சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினார்: ஆறு முதல் எட்டரை வரை எழுத்து. அந்த அட்டவணையை மட்டும் நான்கு தடவை திருத்தி எழுதியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் வேறு நிற மையில். நாவலின் முதல் அத்தியாயத்தை முப்பத்தொரு தடவை. அதில் கதாநாயகன் ரயில் ஏறுகிறான். இரண்டாவது அத்தியாயம் இன்னும் இல்லை.

இந்த நிலைமையில்தான் நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள் மச்சினன் வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, நானும் ஒரு கதை எழுதலாம்னு இருக்கேன். பெரிய கதை."

"நீயா?" என்றாள் அக்கா. "உனக்கு லீவு லெட்டரே நான்தானடா எழுதிக் குடுத்தேன்."

"லிஃப்ட் ரூம்ல தினம் பாத்த வேலைய லாக் புத்தகத்துல எழுதி எழுதிக் கை பழகிடுச்சு. அதுல 'மிச்சம்'னு ஒரு கட்டம் இருக்கும், போன வாரம் அந்தக் கட்டத்துல ஆறாவது மாடில இருக்கற ஒரு பொம்பளயப் பத்தி நாலு வரி எழுதிட்டேன். சூப்பர்வைசர் கிழிகிழின்னு கிழிச்சுட்டான். அதான் தனியா ஒரு நோட்டு போட்டுக்கலாம்னு."

"போட்டுக்கோ. அதுக்கு இங்க எதுக்கு வந்த?"

"எங்க வீட்டுல பசங்க, ரெட்டை வாலு ரெண்டும், காகிதத்தக் கண்டா தின்னுடுதுங்க. இங்க அமைதியா இருக்கு. அத்தான் எழுதுற வீடாச்சே."

கடைசி வாக்கியத்தில் கிண்டல் இருந்ததா என்று எழுத்தாளர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

"தாராளமா எழுது மாப்ள," என்றார். பத்து நாள் தாங்குவான் என்று கணக்குப் போட்டார். அவரே அதற்கு மேல் தாங்கியதில்லை.

பத்து நாள் போனது. நாற்பது நாள் போனது. முதல் நோட்டு தீர்ந்து இரண்டாவது வந்தது. எழுத்தாளரின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஃபிரிட்ஜ் மேலிருந்து நோட்டை எடுத்துப் புதுப் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். முடிந்த நோட்டைக் கணினியில் தட்டச்சு செய்து தருகிறேன் என்று அவளாகவே பொறுப்பு எடுத்துக்கொண்டாள். அப்பாவின் முப்பத்தொரு முதல் அத்தியாயங்களில் ஒன்றைக்கூட அவள் முழுசாகப் படித்தது கிடையாது. கேட்டால், "ரயில் ஏறிட்டானாப்பா?" என்பாள்.

எழுத்தாளர் அந்த நோட்டைத் தொடவில்லை. தொட்டால் தோற்ற மாதிரி. மூன்றாவது நோட்டு வந்த அன்றைக்குத்தான் கை அரித்தது. மனைவி தான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, எட்டு மணிக்கு, மூன்று நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு பக்கம் படித்துச் சிரித்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தார்.

சிரிக்க நிறைய இருந்தது. மச்சினனுக்கு லகர ளகரமெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒற்று என்ற ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. கதை இதுதான்: எட்டு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் ஒருத்தி இருக்கிறாள். புருஷன் விட்டுப் போய் ஏழு வருடமாகிறது. அவளும் ஏழு வருடமாகக் கீழே இறங்கவில்லை. தினமும் காலையில் லிஃப்டை வரவழைத்து, கதவு திறந்ததும் கையை மட்டும் உள்ளே நீட்டிப் பூச்சியத்தை அழுத்தி, காலி லிஃப்டைக் கீழே அனுப்பிவிடுவாள். ஆனால் 'அழுத்தினாள்' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் மச்சினன் 'அழுதாள்' என்று எழுதியிருந்தான்.

'அவள் கையை மட்டும் உள்ளே நீட்டி பூச்சியத்தை அழுதாள். லிப்டு காலியா போச்சு.'

எழுத்தாளர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்த வரியை மறுபடி படித்தார். பூச்சியத்தை அழுதாள். சிரிப்பு பாதியில் நின்றது. முப்பத்தொரு தடவை திருத்தி எழுதியும் அவருக்கு இப்படி ஒரு வரி வந்ததில்லை. இவனுக்கு எழுத்துப் பிழையிலேயே வந்திருக்கிறது. அன்றைக்கு அவர் கவுண்டரைத் திறக்கும்போது மணி பன்னிரண்டரை. குடையைத் தேடி வந்த மூன்று பேர் காத்திருந்து திட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

கதையைவிட அவரை அதிகமாகக் குடைந்தது வேறொன்று. ஒவ்வொரு நாள் எழுதியதற்கும் கீழே மச்சினன் ஸ்கேலால் ஒரு கட்டம் போட்டிருந்தான், லிஃப்ட் லாக் புத்தகத்தில் போடுகிற மாதிரியே. தேதி. செய்தது: ஒன்றேகால் பக்கம். மிச்சம்: மறுநாள் என்ன எழுத வேண்டும் என்று ஒரு வரி. கடைசியில் கையெழுத்து. வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவன் அடுத்து வருகிறவனுக்கு எழுதி வைக்கிற குறிப்பு அது. அடுத்து வருகிறவனும் இவனே என்பதுதான் வித்தியாசம். காலையில் நாற்காலி கிரீச்சிட்ட உடனே பேனா ஓட ஆரம்பிப்பதன் ரகசியம் இந்த ஒற்றை வரி. கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலையே அவனுக்குக் கிடையாது.

அன்றைய மிச்சம் இப்படி இருந்தது: 'புருசன் லெட்டர் போடுறான். அவ கீழ எறங்குறா.'

எழுத்தாளருக்குப் பொறுக்கவில்லை. இதை நாளைக்கு எழுதிவிடுவான். நாளை மறுநாள் அடுத்தது. அதற்கடுத்து முடித்தும் விடுவான். ஒரு லிஃப்ட்காரன், நான்கே மாதத்தில். அவர் பேனாவை எடுத்து, மச்சினனின் கோணல் எழுத்து மாதிரியே, அந்த வரிக்குக் கீழே எழுதினார்:

'கடிதம் அஞ்சாவது மாடிக்குப் போயிடுச்சு. அங்க இருக்கற ஆளு பிரிச்சுப் படிச்சுட்டாரு.'

எழுதிவிட்டு நோட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். இது ஒரு முட்டுக்கட்டை. அவருடைய கதையில் யாராவது இப்படி ஒன்றைச் செருகியிருந்தால் ஒன்றரை வருடம் போயிருக்கும்.

மறுநாள் ஆறு பத்துக்கு எழுத்தாளர் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. பேனா சத்தம் இல்லை. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக அவர் படுத்திருந்ததே இல்லை. பிறகு பேனா ஆரம்பித்தது. ஆறு ஐம்பத்தைந்து ஆனது, நிற்கவில்லை. ஏழு பத்துக்கு மனைவிதான் சத்தம் போட்டாள்: "டேய், அங்க எவனாவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டுக் கத்திட்டு இருக்கப் போறான்டா!"

எட்டு மணிக்கு எழுத்தாளர் நோட்டைப் பிரித்தார். இரண்டேகால் பக்கம். ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கிற ஒரு மனிதர் புதிதாக முளைத்திருந்தார். கடிதத்தை இஸ்திரி போட்டு மடிப்பு நீக்கித் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். மிச்சம்: 'அவரு லெட்டர திருப்பி குடுக்க போறாரு.' கையெழுத்து.

"குடுத்துடுவியா நீ?" என்று எழுத்தாளர் பல்லைக் கடித்தார். குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அரை மணி நேரம் யோசித்து எழுதினார்:

'அவரு குடுக்கமாட்டாரு. அவருக்கு இதுவரைக்கும் யாரும் கடிதம் போட்டதே இல்ல.'

எழுதியதைத் திரும்பப் படித்தார். நல்ல வரி. அதைக் கொண்டுபோய் இந்தக் கடங்காரனுக்குக் கொடுத்துவிட்டோமே என்று கிழிக்கப் போனார். கிழித்தால் தெரிந்துவிடும். விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு இது தினப்படி ஆனது. காலை எட்டு மணிக்கு அவர் சாப்பாட்டு மேசையில் ஆஜர். முந்தின நாள் பக்கங்களைப் படிப்பார், எரிவார், எங்கே அடித்தால் இவன் விழுவான் என்று தேடுவார். ஒன்பதரைக்குள் ஒரு வரி போட்டுவிடுவார். லிஃப்டைப் பதினோரு நாள் ஓடவிடாமல் நிறுத்தினார். ஐந்தாவது மாடிக்காரருக்கு மூட்டு வலி கொடுத்தார். ஆறாவது மாடிக்காரிக்குப் புருஷனின் முகமே மறந்துவிட்டது என்று எழுதினார். ஒவ்வொன்றையும் மச்சினன் மறுநாள் காலை விழுங்கிவிட்டு, இரண்டு பக்கம் கூடுதலாக எழுதினான். சுவரில் ஒட்டிய அட்டவணையின் பக்கம் எழுத்தாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய நாவல் மேசை டிராயரில் கிடந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது மகள் நோட்டும் கையுமாக ஓடி வந்தாள்.

"அப்பா, மாமா கதை இப்பதான்ப்பா சூடு பிடிச்சிருக்கு. முன்னால சும்மா இருந்துச்சு. அந்த அஞ்சாவது மாடிக்காரர் இருக்காரே, ஐயோ! தனக்கு வராத லெட்டருக்குப் பதில் எழுதுறாருப்பா."

"அப்படியா?" என்றார்.

"அந்த ஆளு மாமாவுக்கு எப்படித் தோணினாருன்னே தெரியல. மாமாவுக்கு மூளை எங்கயோ இருக்கு."

"எங்க இருக்கு?"

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. தண்ணி கொண்டா."

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. முன்பெல்லாம் மச்சினனைப் பார்த்து மட்டும்தான் எரிச்சல். இப்போது ஐந்தாவது மாடிக்காரரைப் பார்த்தும் எரிச்சல். பெற்றவர் இங்கே இருக்க, அவர் போய் மச்சினன் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்துகொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை காலை, சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"இன்னும் மூணு நாள்தான் அக்கா. சனிக்கிழமை முடிச்சுடுவேன்."

"நெஜமாவா? முழுசாவா?"

"முழுசா. அப்புறம் நான் வீட்டுலயே தூங்குவேன். உனக்கும் தேயிலை மிச்சம்."

"உங்க அத்தான் கேட்டா சந்தோஷப்படுவாரு," என்றாள் மனைவி. அவளுக்குப் பொய் சொல்லவே தெரியாது. குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

எழுத்தாளர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். சனிக்கிழமை. ஒன்பது வருடத்துக்கும் ஐந்து மாதத்துக்கும் நடுவே அவர் போர்வைக்குள் கிடந்தார். இனி இந்த வீட்டில் ஒரு பெரிய கதையை முடித்தவன் என்று ஒருவன் இருப்பான். 'எழுத்தாளர்' என்று கூப்பிட்டால் யார் திரும்புவது?

எட்டு மணிக்கு அவர் நோட்டைத் திறக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

தொலைந்த பொருட்கள் அறைக்குள் ஒரு பொருள் போய்விட்டால் அது மறுபடி வெளிச்சத்தைப் பார்ப்பது அபூர்வம். கூரைவரை இரும்பு அலமாரிகள், அவற்றில் நீலப் பிளாஸ்டிக் கூடைகள், கூடை நிறைய ஒற்றைக் கையுறைகள், மூக்குக் கண்ணாடிகள், குடைகள், ஒரு செயற்கைக் கால்கூட உண்டு. எதையும் சீட்டு இல்லாமல் கூடையில் போடக் கூடாது. எழுத்தாளர் அலுவலில் மகா கறார். மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்து எழுதினார்: எண் 4417. கறுப்பு அட்டை நோட்டு, ஒன்று. மூன்றாம் பிளாட்பாரம், பெஞ்சு மேல். 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் பேனா நின்றது. அதைக் காலியாக விட்டார். நோட்டின் கம்பிச் சுருளில் சீட்டை நூலால் கட்டி, கடைசி அலமாரியின் மேல்கூடையில், கையுறைகளுக்கு அடியில் செருகினார்.

வியாழக்கிழமை ஆறு பத்து. ஃபிரிட்ஜ் மேல் தடவுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, நோட்டக் காணோம்."

வீடே தேடியது. மனைவி ஃபிரிட்ஜை நகர்த்தினாள். மகள் தூக்கக் கலக்கத்தில் சோஃபா மெத்தையைப் புரட்டினாள். எழுத்தாளர் போர்வைக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இதோ இப்போது அழுவான், கத்துவான், ஒரு வாரம் வரமாட்டான், வந்தாலும் பழைய ஓட்டம் இருக்காது. அவருக்கு ஒரு தடவை நான்கு பக்கம் மழையில் நனைந்ததற்கே எட்டு மாதம் ஆகியிருந்தது.

"சரி விடு அக்கா, கிடைக்கும்போது கிடைக்கட்டும்," என்றான் மச்சினன். "நேத்து மிச்சம் என்னன்னு ஞாபகம் இருக்கு. ரெண்டு தாள் குடு."

நாற்காலி கிரீச்சிட்டது. பேனா ஓட ஆரம்பித்தது.

எழுத்தாளர் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். திருடியது வெறும் காகிதம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவன் பலம் நோட்டில் இல்லை. அது ஆறு பத்தில் இருந்தது. அதை எந்தக் கூடையில் போட்டு எந்தச் சீட்டைக் கட்டுவது?

அன்று சாயங்காலம் நோட்டைத் திரும்பக் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மச்சினன் அறைக் கதவைத் தட்டினான். "அத்தான், கொஞ்சம் வாங்களேன்."

எழுத்தாளர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். மேசை மேல் நோட்டு. அதன் கம்பிச் சுருளில் மஞ்சள் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்க்க மறந்திருக்கிறார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என் நோட்டு தனியா ரயில் ஏறிப் போயிட்டு வந்திருக்கு போல," என்றான் மச்சினன். "நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. மூணாம் பிளாட்பாரம், பெஞ்சு மேல. நான் ரயில் ஏறியே ரெண்டு வருஷம் ஆச்சு அத்தான்."

"யாரோ கொண்டாந்து குடுத்தாங்க. நம்ம நோட்டு மாதிரி இருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன்."

"யாரு குடுத்தது?"

"பேரு சொல்லல."

"அதான், கண்டெடுத்தவர்ங்கற இடம் காலியா இருக்கு." மச்சினன் சிரித்தான். "உங்களுக்குக் கையெழுத்துப் போடுறதுன்னாலே ஆகாது போல."

சமையலறையில் பாத்திரம் விளக்குகிற சத்தம் நின்றது. எழுத்தாளர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"மொத நாளே. நான் லெட்டர்னுதான் எழுதுவேன். எனக்கு ஏது அத்தான் கடிதம்?"

"அப்புறம் எதுக்குடா அது மாதிரியே எழுதின?"

"லிஃப்ட் ரூம்ல சில நாள் லாக் புத்தகத்துல எவனாவது கையெழுத்துப் போடாம புகார் எழுதி வெச்சிருப்பான். சத்தம் வருது, ஆடுது, அது இதுன்னு. எழுதினவன் யாருன்னு தேடிட்டு இருந்தா வேலை ஆகுமா? லிஃப்டப் போய்ப் பாக்கணும். போய்ப் பாத்தா நெஜமாவே ஆடும்." அவன் நோட்டைத் தட்டினான். "இதுவும் ஆடுச்சு. நீங்க சொன்ன எடத்துலல்லாம் ஆடுச்சு."

"உதவி பண்ணேன்னு நெனச்சுட்டியா? நாசமாப் போகணும்னுதான் எழுதினேன்."

"தெரியும். புகார் எழுதுறவன் எல்லாம் எங்க மேல ஆசப்பட்டா எழுதுறான்?"

அவன் கோபப்பட்டிருந்தால் எழுத்தாளர் கையைப் பிசைந்துகொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கும் இந்தப் பாவி இடம் கொடுக்கவில்லை.

"நாளைக்குக் கடைசி," என்றான் மச்சினன். "இன்னைக்கு எழுதினதுக்கு ஏதாவது புகார் இருந்தா எழுதி வைங்க. அதயும் பாத்துட்டு மூடிடுறேன்."

எட்டு மணிக்கு எழுத்தாளர் நோட்டோடு உட்கார்ந்தார். இன்றைக்கு ஒளிந்து எழுத வேண்டியதில்லை. ஐந்தாவது மாடிக்காரர் கடிதத்தைக் கையில் பிடித்தபடி லிஃப்டுக்குள் நிற்கிறார். ஆறாவது மாடியில் கதவு திறக்கிறது. அவள் வழக்கம் போல் கையை மட்டும் உள்ளே நீட்டுகிறாள். கை அவர் சட்டையில் படுகிறது. மிச்சம்: 'அவ உள்ள வர்றா.'

அவர் மூன்று தடவை படித்தார். தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், ஒரு திருகாணிகூடக் கழன்று வரவில்லை. மணி பத்தேகால் ஆனது. புகார் எழுத ஒன்றுமே இல்லாமல் நோட்டை மூடியபோது வந்த எரிச்சலுக்கு, இத்தனை மாத எரிச்சலெல்லாம் உறை போடக் காணாது.

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குப் பேனா நின்றது. நாற்காலி கிரீச்சிட்டது. "அவ்ளோதான் அக்கா," என்றான் மச்சினன். வேறு ஆர்ப்பாட்டம் இல்லை. கருவிப் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். கடைசிக் கட்டத்தில் மிச்சம் என்ற இடத்தில் 'ஒன்னும் இல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அன்று மத்தியானம் மகள் தட்டச்சு செய்துகொண்டே கூப்பிட்டாள். எழுத்தாளருக்கு விடுமுறை நாள்.

"அப்பா, மாமா எல்லா எடத்துலயும் அழுத்தினாள்ங்கறத அழுதாள்னு எழுதியிருக்காரு. மொத்தமா மாத்திடவா?"

"வேணாம்."

"தப்புப்பா."

"தப்புதான். விட்டுடு."

"ஏன்?"

"விடுன்னா விடேன்டீ!" என்று கத்தினார். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு மேலே தட்ட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பத்துக்கு எழுத்தாளருக்குத் தானாகவே விழிப்பு வந்தது. வீடு நிசப்தமாக இருந்தது. கேட்பதற்குச் சத்தம் இல்லாததால் தூக்கமும் வரவில்லை. எழுந்து போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். எட்டு மணி ஆனதும் கை தன்னால் ஃபிரிட்ஜ் மேல் போனது. அங்கே ஒன்றும் இல்லை. யாரையாவது குறை சொல்லி ஒரு வரி எழுதாவிட்டால் அன்றைய பொழுது போகாது என்கிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. சலித்துக்கொண்டே படுக்கையறைக்குப் போய், டிராயரிலிருந்து தன் முப்பத்தொன்றாவது முதல் அத்தியாயத்தை எடுத்து வந்தார். எவனோ எழுதிய மாதிரி படித்தார். எரிந்தது. இது வேறு மாதிரி எரிச்சல். பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் போட்டு எழுதினார்:

'இந்த ஆளு முப்பத்தொரு தடவ ரயில் ஏறியிருக்கான். ஒரு தடவகூட ரயில் கெளம்பல. அவன் சீட்டு எடுக்கவே இல்ல. பரிசோதகர் வர்றாரு.'

கையெழுத்துப் போடவில்லை. கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

திங்கட்கிழமை ஆறு பத்துக்கு எழுந்து, இந்தப் புகாருக்கு முதல் அத்தியாயம் எழுதிய அந்த மடையன் என்ன பதில் சொல்கிறான் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பரிசோதகர் வந்தார். கதாநாயகன் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ரயில் கிளம்பியது. பதினோரு வரி. ஆறு ஐம்பத்தைந்து ஆகியிருந்தது.

மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, காகிதத்தை எட்டிப் பார்க்காமல் சொன்னாள்:

"தம்பி ஃபோன் பண்ணான். ராத்திரியே அடுத்த கதைய ஆரம்பிச்சுட்டானாம்."

எழுத்தாளருக்கு வயிறு பற்றிக்கொண்டது. "எத்தன பக்கம்?"

"ஒரு பக்கமாம்."

அவர் தேநீரைத் தள்ளி வைத்தார். பேனாவைத் திறந்து, அந்தப் பதினோரு வரிக்குக் கீழே இன்னும் எட்டு வரி எழுதினார். மிச்சம் என்று போட்டு, கழிவறைக் கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று எழுதிவிட்டுத்தான் எழுந்தார்.